அம்மா எந்த வீட்டில் நன்றாகத் தூங்குவார்?

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அம்மா இனி யாரோடு இருப்பார்? சாப்பாடு, மருந்து, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எல்லாம் பேசினோம். ராத்திரியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒன்றேகால் வருஷம் கழித்துத்தான் புரிந்தது, நாங்கள் முதலில் பேசியிருக்க வேண்டியது அதைத்தான் என்று. அம்மா தூங்கிய வாரங்களில் சர்க்கரை, பிரஷர், முழங்கால், மனசு எல்லாமே ஒரு வழிக்கு வந்தன. தூங்காத வாரங்களில் எவ்வளவு கவனித்தாலும் எதுவும் சரியாகவில்லை.

அம்மாவுக்கு 74 வயது. மன்னார்குடி வீட்டில் 5 மாதம் தனியாக இருந்தார். அப்புறம் மூன்று பிள்ளைகள் வீட்டிலும் முறைவைத்து 10 மாதம். நடுவில் கோயம்புத்தூர் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் 3 வாரம். இப்போது ஸ்ரீரங்கத்தில், தங்கை வீடு இருக்கும் தெருவிலேயே ஒரு சின்ன போர்ஷன். இந்த ஏற்பாடுகளை அம்மாவின் தூக்கம் என்ற ஒரே கண் கொண்டு பார்த்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உதவும்.

"வயசானா தூக்கம் குறையத்தான் செய்யும்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் பாதிதான் உண்மை. 65 வயது தாண்டியவர்களுக்கும் ராத்திரிக்கு 7 முதல் 8 மணி நேரம் என்றுதான் அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை பரிந்துரைக்கிறது. வயதோடு உண்மையில் குறைவது ஆழம். ஆழ்ந்த தூக்கம் சுருங்கி, மேலோட்டமான தூக்கம் கூடுகிறது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரமும் முன்னால் நகர்கிறது; எட்டரைக்கே கண் சொருகும், நாலு மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடும். நடுவில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டும். அதனால்தான் ஒரு மிக்ஸி சத்தமும் கதவிடுக்கில் வரும் வெளிச்சமும் நம்மைத் தொடாமல் போகும்போது அவர்களை எழுப்பிவிடுகின்றன. இளவயதுக்காரர் எந்த வீட்டிலும் தூங்கிவிடுவார். முதியவருக்கு வீடு ஒத்துழைக்க வேண்டும்.

முதலில் தனியாக இருந்த காலம். மன்னார்குடி வீடு அம்மாவுக்கு 50 வருஷப் பழக்கம். ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீண்டு போகும் பழைய வீடு. இருட்டில் நடந்தாலும் அம்மாவின் கால் எங்கேயும் தடுக்காது. தன் கட்டில், தன் தலையணை, தான் நினைத்த நேரத்தில் விளக்கு அணைக்கலாம். முதல் மாதம் துக்கத்தில் போனது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாம் மாதத்திலிருந்து போனில் கேட்பேன், "நேத்து தூங்கினியாம்மா?" என்று. "கண்ணை மூடிப் படுத்திருந்தேன்" என்பார். அந்தப் பதிலின் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மன்னை எக்ஸ்பிரஸில் கிளம்பிப் போய் இரண்டு ராத்திரி கூடவே படுத்தபோது தெரிந்தது. அம்மா வாசல் தாழ்ப்பாளை மூன்று தடவை போய்ப் பார்த்தார். கொல்லையில் தென்னை மட்டை விழுந்தால் எழுந்து உட்கார்ந்தார். கூடத்து டியூப்லைட் விடிய விடிய எரிந்தது. பன்னிரண்டு மணி வரை டிவி ஓடியது, பார்ப்பதற்காக இல்லை, வீட்டில் ஏதாவது குரல் கேட்க வேண்டும் என்பதற்காக. வீடு பழகியதுதான், ஆனால் தூங்கவிடாமல் செய்தது பயம். "ராத்திரி நெஞ்சு வலிச்சா நான் யாரைக் கூப்பிடுவேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

அந்தத் தெருவில் தெரிந்த ஓர் அக்காவைத் துணைக்குப் படுக்கச் சொன்னோம். நம் ஊர்களில் இது பழைய வழக்கம். ஒன்பது மணிக்கு வருவார், திண்ணையை ஒட்டிய அறையில் படுப்பார், விடிந்ததும் போய்விடுவார். சமையலோ வேறு வேலையோ கிடையாது. சும்மா ஓர் ஆள் இருப்பதற்காக மாதம் 3,000 ரூபாய் கொடுத்தோம். இரண்டே வாரத்தில் டியூப்லைட் அணைந்தது. விடிவிளக்கு போதும் என்றார் அம்மா. எங்கள் குடும்பம் இந்த 3,000 ரூபாயைப் போலப் பயனுள்ளதாக எதையும் செலவழித்ததில்லை. அந்த அக்காவின் மகளுக்குப் பிரசவம் வந்து அவர் ஊருக்குப் போக வேண்டி வந்தது, வேறு ஆள் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்.

தனியாக இருப்பதும் தனிமையும் வேறு வேறு என்பதை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹட்டரைட் என்ற கிறிஸ்தவச் சமூகத்தார் நிலம், சாப்பாடு, சொத்து எல்லாவற்றையும் பொதுவில் வைத்துக் கூட்டாக வாழ்கிறார்கள். அவர்களில் 95 பேரின் மணிக்கட்டில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. அவ்வளவு நெருக்கமான கூட்டத்துக்கு நடுவிலும், தனிமையை அதிகமாக உணர்ந்தவர்களுக்குத் தூக்கம் அதிகமாகத் துண்டுபட்டிருந்தது. அவர்கள் வெவ்வேறு வயதுடையவர்கள், முதியவர்கள் மட்டும் இல்லை. ஆனாலும் அந்த முடிவைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடுகள்தான் ஞாபகம் வந்தன. ஆள் நிறைந்த வீட்டுக்கு அம்மாவைக் கொண்டுபோனால் தூக்கம் தானாக வந்துவிடும் என்று நாங்கள் மூன்று பேரும் நம்பியிருந்தோம்.

அப்படித்தான் முறைவைத்துப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தோம். சென்னையில் என் வீட்டில் இரண்டு மாதம், பெங்களூரில் தம்பி வீட்டில் இரண்டு மாதம், ஸ்ரீரங்கத்தில் தங்கை வீட்டில் இரண்டு மாதம், மறுபடி சென்னை. பிள்ளைகளுக்குள் சண்டை வராது, யாருக்கும் பாரம் இல்லை, அம்மாவுக்கும் எல்லாப் பேரப்பிள்ளைகளையும் பார்த்த மாதிரி இருக்கும். தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் இதை நியாயமான ஏற்பாடு என்று நினைக்கின்றன. பிள்ளைகளுக்கு இது நியாயம்தான். நாங்கள் முயன்றவற்றில் அம்மாவின் தூக்கத்துக்கு இதைவிட மோசமான ஏற்பாடு இல்லை.

காரணம் எளிது. பழக்கம் இல்லாத இடத்தில் மூளை முழுசாக உறங்குவதில்லை. புதிய இடத்தில் முதல் ராத்திரி மூளையின் இடது பக்கம் கொஞ்சம் விழிப்பாகவே இருந்து வித்தியாசமான சத்தத்துக்குக் காது கொடுக்கிறது என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். அது இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வு. ஓரிரு நாளில் அவர்களுக்குச் சரியாகிவிடும். அம்மாவுக்கு ஒவ்வொரு வீடும் பழக மூன்று வாரம் ஆனது. கழிப்பறை எந்தப் பக்கம், சுவிட்ச் எந்த உயரம், நிலைப்படி இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் காலுக்கும் கைக்கும் தெரிய வேண்டும். தெரிந்து ஒரு மாதம் ஆவதற்குள் பெட்டி கட்ட வேண்டும். பெட்டி கட்டும் வாரத்தில் மறுபடி தூக்கம் போய்விடும். அம்மாவின் தூக்கத்தை நான் குறித்துவந்த நோட்டில், இந்த 10 மாதத்தில் அம்மா தொடர்ந்து நன்றாகத் தூங்கியது மொத்தம் ஆறேழு வாரம்தான்.

இடம் மாறுவதைவிடப் பெரிய விஷயம், எங்கே படுத்தார் என்பது. பெங்களூரில் ஹாலில் திவான். அண்ணன் தம்பி வீடுகளில் பெற்றோருக்கு ஹால்தான் என்பது நம்மிடம் சர்வசாதாரணம். தம்பியையோ தம்பி மனைவியையோ குறை சொல்ல இதை எழுதவில்லை, இருந்தது இரண்டு அறை. ஆனால் ஹாலில் படுப்பவருடைய ராத்திரி எப்போது தொடங்கும் என்பதை வீட்டில் கடைசியாகத் தூங்கப் போகிறவர்தான் முடிவு செய்கிறார். தம்பிக்கு ஆபீஸ் கால் பதினொன்றரைக்கு முடியும். அதுவரை அம்மா சோபாவில் உட்கார்ந்தபடி கோழித்தூக்கம் போடுவார். எல்லோரும் போன பிறகு விரித்துப் படுக்கும்போது, உண்மையான தூக்கம் வந்த நேரம் தாண்டிப் போயிருக்கும். விடிகாலை நாலு மணிக்கு உடம்பு எழுப்பிவிடும். ஆக, நாலரை மணி நேரம்.

இன்னொன்றை அம்மா வெகுநாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். ஃப்ளஷ் சத்தத்தில் குழந்தை எழுந்துவிடுமோ என்று பயந்து, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். இரண்டு மாதம் முழுக்க. இதைக் கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

என் வீட்டில் ஹாலில் படுக்கும் பிரச்சினை இல்லை. மகளின் அறையில் கட்டில் போட்டிருந்தேன். பாட்டியும் பேத்தியும் ஒன்றாக இருந்தால் இருவருக்கும் நல்லது என்று மனசார நம்பினேன். மகளுக்கு 15 வயது. வளரும் வயதில் உடம்பின் கடிகாரம் பின்னால் தள்ளிப் போகிறது, முதுமையில் முன்னால் வருகிறது. அதாவது ஒரு வீட்டிலேயே மிகவும் எதிரெதிரான இரண்டு கடிகாரங்களை எடுத்து ஒரே அறையில் வைத்துப் பூட்டியிருந்தேன். அவள் பன்னிரண்டு வரை படிப்பாள், ஏசி 22இல் இருக்கும். அம்மாவுக்குக் குளிரில் சிறுநீர் இன்னும் அதிகம். நாலு மணிக்கு அம்மா எழுந்து மெதுவாகத்தான் கதவைத் திறப்பார், அப்படியும் அவள் முகம் சுளிப்பாள்.

தான்சானியாவில் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்களிடம் 33 பேரின் தூக்கத்தை 20 நாள் அளந்திருக்கிறார்கள். 2017இல் வெளியான ஆய்வு. அந்த 20 நாளில் எல்லோரும் ஒரே சமயத்தில் உறங்கியது மொத்தமே 18 நிமிஷம்தான். வயதுக்கு வயது தூங்கும் நேரம் மாறுவதால் யாராவது ஒருவர் எப்போதும் விழித்திருக்கிறார். கூட்டத்துக்கு அதுவே காவல் என்பது ஆய்வாளர்களின் கருத்து. தாத்தா பாட்டியின் விடிகாலை விழிப்புக்கு ஒரு காலத்தில் இப்படி ஓர் உபயோகம் இருந்திருக்கலாம் என்று நினைக்கவே எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வெட்டவெளியில் காவலாக இருந்தது, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் தொந்தரவாகிவிடுகிறது.

என் வீட்டில் நடந்த என் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பிரஷருக்காக அம்மாவுக்கு நீர் பிரியும் மாத்திரை ஒன்று உண்டு. காலையில் ஆபீஸ் அவசரத்தில் எனக்கு மறந்துபோகும் என்று எல்லா மாத்திரையையும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கப் பழக்கினேன். அம்மா ராத்திரிக்கு நாலு ஐந்து தடவை எழுந்தார். வீடு ஒத்துக்கொள்ளவில்லை, சென்னை தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று என்னென்னவோ நினைத்தோம். டாக்டர் மருந்துச் சீட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே, "இதை எப்போ கொடுக்கறீங்க?" அதைக் காலைக்கு மாற்றச் சொன்னார். ஒரே வாரத்தில் நாலு, இரண்டாகக் குறைந்தது. ஆகவே வீட்டை மாற்றுவதற்கு முன்னால் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பலமான குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது ஸ்லீப் அப்னியாவாக இருக்கலாம். மூன்று மணிக்கு விழித்து விடியும்வரை அழுதுகொண்டிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். எந்த வீடும் இவற்றைக் குணப்படுத்தாது, டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்புகள் நிறைய இருக்கின்றன. அம்மாவின் தோழி ஒருவர் அப்படி ஓர் இடத்தில் கணவரோடு இருக்கிறார். விருந்தினர் அறையில் 3 வாரம் தங்கிப் பார்க்க அனுமதி இருந்தது. முதல் நாலு ராத்திரி வழக்கம்போலச் சரியில்லை. அதற்கப்புறம் வந்த இரண்டு வாரங்கள்தான், அதுவரையிலான என் நோட்டிலேயே மிக நல்ல பக்கங்கள். ஒன்பது மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தார், நடுவில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் விழிப்பு. தனி அறை, தனிக் கழிப்பறை, கைப்பிடிகள், கட்டிலுக்குப் பக்கத்தில் அழுத்தினால் ஆள் வரும் மணி. காலையில் ஒரு கூட்டமே வெயிலில் நடக்கப் போகும். பகல் வெளிச்சம் கண்ணில் படுவது உடம்பின் கடிகாரத்துக்கு மிகவும் முக்கியம். ஃபிளாட் வாழ்க்கையில் அம்மா இழந்தது அதைத்தான். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் எட்டரைக்குக் கொட்டாவி விடுகிறவர்கள் என்பதே ஒரு பெரிய நிம்மதி.

தம்பதியாக இருப்பவர்களுக்கும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். செலவு நிச்சயம் அதிகம். முன்பணம், மாதப் பராமரிப்பு, சாப்பாடு மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், வெறும் ஓய்வூதியம் வாங்குகிற பல குடும்பங்களுக்கு எட்டாது. எங்களால் எப்படியோ சமாளித்திருக்க முடியும். அம்மாதான் வேண்டாம் என்றார். "ஊருக்கு வந்த மாதிரி இருக்கு, வீட்டுக்கு வந்த மாதிரி இல்ல" என்று சொன்னார். அங்கே நன்றாகத் தூங்கியும் ஏன் என்று பல நாள் யோசித்தேன். பகலில் அம்மாவுக்கு அங்கே யாருக்கும் எதுவும் செய்து கொடுக்க வேண்டியிருக்கவில்லை. டிகாக்‌ஷன் போடுவது, பேரனுக்குத் தட்டை சுடுவது, அரிசி புடைப்பது, எதுவும் இல்லை. மூன்றாம் வாரத்தில் மத்தியானத் தூக்கம் இரண்டு மணி நேரமாக நீண்டுவிட்டது என்று நோட்டில் இருக்கிறது. பகல் காலியாக இருந்தால் ராத்திரி கெடுவதற்கு அதுவே தொடக்கம்.

படுக்கையில் இருப்பவர்களுக்கான பராமரிப்பு இல்லங்கள் வேறு வகை; அம்மாவுக்கு அந்தத் தேவை வரவில்லை. பெரியம்மாவைப் பார்க்கப் போன ஓர் இல்லத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். ஏழு மணிக்கே எல்லோரையும் படுக்க வைத்தார்கள். டயப்பர் மாற்ற வரும்போதெல்லாம் ஒருவருக்காக ஆறு பேர் மேல் டியூப்லைட் எரிந்தது. பணிப்பெண்கள் நல்லவர்கள்தான், ஆறு பேருக்கு ஒருவர் என்றால் அவர் என்ன செய்வார்? அமெரிக்க இல்லங்களில் செய்த ஆய்வுகளிலும் சத்தம், வெளிச்சம், பராமரிப்புக்காக எழுப்புவது மூன்றும்தான் முதியவர்களின் தூக்கத்தைத் துண்டாக்குகின்றன என்று வந்திருக்கிறது. இல்லம் பார்க்கப் போகிறவர்கள் பகலில் சமையலறையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், எந்த விளக்கு போடுவார்கள், எத்தனை மணிக்குப் படுக்க வைப்பார்கள், தூக்க மாத்திரை எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அல்பிரசோலம் போன்ற தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளை முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் எச்சரிக்கிறது. தூக்க மயக்கத்தில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அப்புறம் வருகிற கஷ்டம் தூக்கமின்மையைவிடப் பல மடங்கு பெரியது. பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

ஒன்றேகால் வருஷ நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது நல்ல ராத்திரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இரண்டு விஷயங்கள் இருந்தன. விளக்கை அணைக்கும் நேரம் அம்மாவின் கையில் இருந்தது. கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் இருந்தார். மன்னார்குடியில் தனியாக இருந்தபோது முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. எங்கள் மூவர் வீட்டிலும் இரண்டாவது இருந்தது, முதலாவது இல்லை. துணைக்கு அக்கா வந்து படுத்த வாரங்களிலும் கோயம்புத்தூரிலும் இரண்டும் இருந்தன. இதைப் பார்த்த பிறகுதான் ஒரே கூரைக்குள் எல்லோரும் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டோம்.

தங்கை தெருவில், நாலு வீடு தள்ளி, தரைத்தளத்தில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட போர்ஷன் காலியானது. வாடகையை மூன்று பேரும் பிரித்துக்கொள்கிறோம். மன்னார்குடியிலிருந்து அம்மாவின் கட்டிலையே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். கழிப்பறையில் கைப்பிடி வைத்தோம், கட்டிலிலிருந்து அதுவரை தரையோரமாக மங்கலான விளக்கு, கட்டிலில் அழுத்தினால் தங்கை வீட்டில் அடிக்கும் மணி. சாயங்காலம் பேரன் வீட்டுப்பாடம் எழுத பாட்டியிடம் வருகிறான். ராத்திரிச் சாப்பாடு தங்கை வீட்டில் ஏழரைக்கு. எட்டேகாலுக்கு அவனே கைபிடித்துக் கூட்டிவந்து விட்டுப் போகிறான். "அம்மாவைத் தனியா வெச்சுட்டாங்க" என்று உறவில் சிலர் பேசினார்கள். தங்கை ரொம்ப வருத்தப்பட்டாள். அம்மாதான், "ராத்திரி நான்தானே தூங்கறேன், அவங்களா தூங்கறாங்க?" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தார்.

இதை வைத்து முடிவெடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஏற்பாடாக இருந்தாலும் மூன்று நாலு வாரமாவது இருந்து பார்க்காமல் தீர்மானிக்காதீர்கள். முதல் வாரத்தை நம்பாதீர்கள். ஒரு சாதாரண நோட்டு போதும். படுத்த நேரம், எழுந்த நேரம், நடுவில் எத்தனை தடவை விழிப்பு, பகலில் எவ்வளவு நேரம் கண்ணசந்தார், காலையில் முகம் எப்படி இருந்தது. "தூங்கினியா?" என்று மட்டும் கேட்டால் பிள்ளைகள் மனசு நோகக்கூடாது என்று "தூங்கினேன்" என்றுதான் சொல்வார்கள். "எத்தனை தடவை எழுந்தே? அப்போ மணி என்ன இருக்கும்?" என்று கேளுங்கள். முடிந்தால் இரண்டு ராத்திரி அதே அறையில் நீங்களும் படுத்துப் பாருங்கள்.

ஸ்ரீரங்கம் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஒன்பதுக்குப் படுக்கிறார், நாலரைக்கு எழுகிறார், ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் நடுவில் விழிப்பு. சில ராத்திரி அப்பா ஞாபகம் வந்து தூக்கம் வராது. அதற்கு வீட்டால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. மணியை இதுவரை ஒரே ஒரு தடவைதான் அழுத்தியிருக்கிறார், அதுவும் வேலை செய்கிறதா என்று பார்க்க. தங்கை ஐந்தரைக்குப் பால் வாங்கக் கதவைத் திறக்கும்போது முதலில் நாலு வீடு தள்ளித்தான் பார்ப்பாளாம். அம்மா வாசல் தெளித்த ஈரம் தெருவில் தெரிந்தால், எனக்குப் போனில் ஒரு வார்த்தை அனுப்புவாள்: "தெளிச்சாச்சு."